எழுப்பாமல் பார்ப்பது எப்படி

புதிதாக நியமனம் பெற்று எங்கள் கரைக்கு வந்திருக்கும் தங்கைமாரே,

ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் உங்கள் கண் முதலில் குழந்தையைத்தான் தேடுகிறது. என் கண்ணும் பல வருடம் அப்படித்தான் தேடியது. தொப்புள் காய்ந்ததா, மஞ்சள் ஏறியிருக்கிறதா, பால் இழுக்கிறதா. அதெல்லாம் பாருங்கள், பார்க்கத்தான் மருத்துவமாது என்று நம்மை அனுப்புகிறார்கள். ஆனால் அதற்கு முன் தாயிடம் ஒரு கேள்வி கேளுங்கள். நித்திரை எப்படி என்று. கேட்டுவிட்டு, பதில் என்ன என்பதை விட, யார் வாயிலிருந்து வருகிறது என்று கவனியுங்கள். "எங்க மிஸ் தூக்கம், இவன் விட்டாத்தானே" என்று தாயே சலித்துக்கொண்டால் பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லை. சலித்துக்கொள்ளத் தெம்பு இருக்கிறது. அவள் வாய் திறக்குமுன் வேறொருவர் பதில் சொல்லிவிட்டால், பையைக் கீழே வைத்து உட்காருங்கள். மற்ற வீடுகள் காத்திருக்கட்டும்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். வயதாகி அல்ல, மணலில் ஸ்கூட்டியைத் தாங்க முழங்கால் மறுத்துவிட்டது. உடம்பு வீட்டில் இருக்கிறது, மனம் இன்னும் காலையில் எழுந்து கற்பிட்டி றோட்டில் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்புத் தண்ணீர் தேங்கிய களப்பு, நடுவில் வெங்காயத் தோட்டங்கள், காற்றுக்கு முதுகு வளைந்த தென்னைகள். உடப்பு என்ற இந்துக் கிராமத்தில் பிறந்தவள் நான். போன வீடுகளில் பெரும்பாலானவை முஸ்லிம் வீடுகள். எந்த வீட்டிலும் எனக்குப் பெயர் இருந்ததில்லை, 'மிஸ்' போதுமாக இருந்தது. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அடுத்தவர் வீட்டு அறைக்குள் எவ்வளவு தூரம் போகலாம், எங்கே நின்றுவிட வேண்டும் என்று தெரிந்துகொள்வதுதான் நம் வேலையில் பாதி. நான் சொல்லப்போகும் வீட்டில் அந்த இடம் எது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமலேதான் உள்ளே போனேன்.

நுரைச்சோலையைத் தாண்டி, களப்புப் பக்கமாக மணல் ஒழுங்கையில் இறங்கினால் கடைசியாக வரும் வீடு அது. அதற்கு மேற்கே காற்றாலை ஒன்று நிற்கிறது. பொழுது சாயத் தொடங்கியதும் அதன் இறக்கைகளின் நிழல் வீட்டின் மேல் விழும். முற்றத்து மணலில் ஒரு நிழல் ஓடி வரும், சுவரில் ஏறும், ஜன்னல் வழியாக உள்ளே புகுந்து அறையில் இருக்கிறவர்களின் முகங்களைத் தடவிவிட்டுப் போகும். போனதும் அடுத்தது வரும். அந்த வீட்டார் அதற்குப் பழகியிருந்தார்கள். எனக்கு அது, யாரோ வாசல்வரை வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, பேசாமல் திரும்பிப் போவது போலிருந்தது.

நான் போனது நண்பகல் லுஹர் தொழுகை முடிந்து வீடுகள் அடங்கிக் கிடக்கும் பிற்பகல் நேரம். உள்ளே மூன்று பேர். பிள்ளை பெற்று இரண்டாவது வாரத்தில் இருந்த ரிஸ்னா பாயில் அமர்ந்து சுவரில் சாய்ந்திருந்தாள். அவளுடைய உம்மா மடியில் ஒரு கோப்பைத் தண்ணீருடன் பக்கத்தில். கணவன் நஸார் வாசலில் நின்று லொறிச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தான். தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றிப் போகிறவன். மூன்று பேருக்கும் நடுவில், துணி விரித்த பாயில், ஆண் குழந்தை.

"நித்திரை எப்படி, ரிஸ்னா?"

"நல்லாத் தூங்குறா மிஸ்," என்றார் உம்மா.

பையைக் கீழே வைத்தேன்.

ரிஸ்னாவின் கண்கள் என் மீது வந்து நின்றன. பார்த்தாள் என்று எழுத முடியவில்லை. சிவந்து உலர்ந்த இரண்டு கண்கள், நான் இருந்த இடத்தில் எனக்குப் பின்னால் இருந்த எதையோ பொறுமையாக வாசித்துக்கொண்டிருந்தன. இமைக்கவே இல்லை. நிழல் வந்து முகத்தைக் கடந்தபோதும் இமைக்கவில்லை.

பிறகு அவளுடைய பாதங்களைக் கண்டேன். நாற்பது நாள் முடியாமல் பிள்ளை பெற்றவள் வாசல் தாண்டாத வீடு அது. அவளுடைய விரலிடுக்குகளில் களப்பின் கறுத்த சேறு, இன்னும் காயாமல்.

"வெளியில போனீங்களா?"

"எங்க மிஸ் போறது?" மறுபடியும் உம்மாதான். "நான் பக்கத்துலயேதான் இருக்கேன், கண்ண மூடாம..."

என் பார்வை போன இடத்துக்கு அவர் பார்வையும் போனது. கோப்பைத் தண்ணீர் தளும்பி மடியை நனைத்தது. காவல் இருந்தவருக்கே தெரியாமல் ஏதோ ஒரு நேரம் அந்த அறையை விட்டு நழுவிப் போயிருந்தது. அந்த நேரத்தில் மகள் எழுந்து, பின்கதவைத் திறந்து, தண்ணீர்வரை போய்த் திரும்பி வந்து, சுவரில் சாய்ந்திருக்கிறாள். யாருமே பார்க்கவில்லை.

அப்போது ரிஸ்னா தலையைச் சற்றுச் சாய்த்தாள்.

"அழுவுது," என்றாள்.

குழந்தை வாய் லேசாகத் திறந்து அமைதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அறையில் காற்றாலையின் மூச்சைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. ஆனால் அவளுடைய சட்டையின் முன்பக்கத்தில் ஈரம் வட்டமாகப் பரவத் தொடங்கியது. பால். எனக்குக் கேட்காத ஓர் அழுகைக்கு அவளுடைய மார்பு பதில் சொல்லிக்கொண்டிருந்தது. இத்தனை வருடத்தில் எத்தனையோ பார்த்தவள் நான். இதைப் பார்த்ததில்லை.

"எங்க அழுவுது?"

"வெளிய." பிறகு, கடைக்காரனிடம் மாறி வந்துவிட்ட சாமானைத் திருப்பிக் கொடுக்கிறவளின் மரியாதையோடு சொன்னாள். "இது என்ட புள்ள இல்ல மிஸ். மாறி வந்திருக்கு. அங்க அழுவுறதுதான் என்டது. இத வந்த இடத்துல கொண்டு வெச்சாத்தான் அது வரும்."

"வந்த இடம் எது?"

"தண்ணி."

தங்கைமாரே, இந்த இடத்தில் இரண்டு பிழைகள் உங்கள் நாக்கு நுனியில் வந்து நிற்கும். 'சும்மா இரு, இது உன் பிள்ளைதான்' என்று வாதாடுவது ஒன்று. பயத்தில் 'ஓம் ஓம்' என்று தலையாட்டுவது மற்றது. இரண்டையும் விழுங்குங்கள். அவளுக்குக் கேட்பது உங்களுக்குக் கேட்காது. அவளுடைய பயம் உங்களுக்குத் தெரியும். அதோடு பேசுங்கள்.

"ஓயாம அழுதா பயமா இருக்குமே," என்றேன்.

முதல் தடவையாக இமைத்தாள். "நிப்பாட்டுதே இல்ல மிஸ்."

குழந்தையை எடை பார்ப்பது போல மடியில் எடுத்துக்கொண்டு, அவளுக்கும் பின்கதவுக்கும் நடுவில் வந்து அமர்ந்தேன். அங்கிருந்தபடியே எங்கள் டொக்டருக்கு அழைத்து, அரிசி விலை சொல்கிற குரலில் விஷயத்தைச் சொன்னேன். அவர் வயதில் என்னை விடச் சிறிய பெண், ஆனால் பதறாதவர். "தனிய விடாதீங்க. பிள்ளைய அவ கையில குடுக்காதீங்க. நான் அம்புலன்ஸோட வாறேன். கொஞ்சம் நேரம் எடுக்கும். அதுவரைக்கும் ஏலுமெண்டா தூங்க வைங்க."

ஏலுமெண்டா.

தலையணையைச் சரி செய்யக் கையை விட்டபோது விரலில் இரும்பு பட்டது. பாக்குவெட்டி. பிள்ளை பெற்றவளை எதுவும் அண்டாதிருக்க இரும்பு வைப்பது வழக்கம், உங்கள் வீடுகளிலும் பார்த்திருப்பீர்கள். தண்ணீரைப் பற்றிப் பேசுகிற ஒரு பெண்ணின் தலைக்குக் கீழே விரிந்த வாயோடு அது கிடந்தது. வெடுக்கென்று எடுத்தால் உம்மா என்னை அந்த அறையிலிருந்து மனதால் வெளியேற்றிவிடுவார். அதன் பிறகு நான் சொல்லும் எதுவும் அவர் காதில் ஏறாது.

"உம்மா, இது வாசல்ல இருக்கட்டுமே," என்றேன். "உள்ளுக்கு வந்த பிறகு மறிக்கிறதை விட, வாசல்லயே மறிக்கிறது நல்லமில்லயா?"

யோசித்தார். நியாயமாகப் பட்டது. தானே எடுத்துக்கொண்டு போய் முன்வாசல் நிலைக்கு வெளியே வைத்துவிட்டு வந்தார். உங்களுடைய நம்பிக்கையையும் அவர்களுடையதையும் தராசில் வைத்து நிறுக்க அது நேரமில்லை. இரும்பு அறையை விட்டுப் போக வேண்டும், போயிற்று.

"இப்ப சொல்லுங்க. எவ்வளவு நாளாத் தூங்கல்ல?"

"தூங்குறாதான் மிஸ். நான்தான் விடுறல்ல." அதை அவர் பெருமையோடுதான் சொன்னார். "கண்ண மூடுவா. கொஞ்சம் போக இமை ஆடும். உள்ளுக்கு ஏதோ ஓடுற மாதிரி. அப்பதான் மிஸ் அந்த ஜின் வாறது. அமுக்குறதுக்கு. நான் விட்டிருவனா? தண்ணி தெளிச்சி, பேர் சொல்லிக் கூப்பிட்டு, எழுப்பிடுவேன். ஒவ்வொரு தடவையும்."

பிள்ளை பிறந்த நாளிலிருந்து ஒவ்வொரு தடவையும்.

இமை ஆடுவது கனவு. பகலின் பயங்களை மனம் ஒவ்வொன்றாக எடுத்து, உதறி, மடித்து வைக்கிற நேரம் அது. கனவின் கதவு வரைக்கும் போன பெண்ணை, அன்பு ஒவ்வொரு முறையும் கையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்திருக்கிறது. கனவை முடிக்க விடாவிட்டால் அது எங்கே போகும்? கண் திறந்திருக்கும்போதே எழுந்து வெளியே வந்துவிடும், களப்புக் கரையில் நின்று அழும். நான் அந்த அறையில் அமர்ந்து அப்படித்தான் நினைத்தேன். டொக்டர்மார் இதை வேறு வார்த்தைகளில் சொல்வார்கள்.

ஆனால் இதை உம்மாவிடம் எப்படிச் சொல்வது? ஜின்னைப் பற்றி உடப்புக்காரி என்ன சொல்ல முடியும்? வாசலில் நஸார் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான்.

"எங்க தம்பி போறீங்க?"

"ஜின்ன விரட்ட ஓதுறவர மாமி கூட்டி வரச் சொல்றாங்க."

"போகலாம். அதுக்கு முதல் ஒண்டு சொல்லுங்க. லொறி ஓடுற நேரம் நித்திரை வந்தா என்ன செய்வீங்க?"

இந்த நேரத்தில் இது என்ன கேள்வி என்பது போலப் பார்த்தான். "பாட்டுப் போடுவேன். பச்ச மிளகாய் கடிப்பேன். பின்னால மூட்டை மூட்டையாத்தானே கிடக்கு."

"அதுக்கும் அடங்கல்லண்டா?"

மாமியாரை ஒரு தடவை பார்த்தான். சாவி சுழல்வது நின்றது. "ஆள் தெரியும் மிஸ்."

"என்ன ஆள்?"

"வெள்ள உடுப்பு. நடு றோட்டுல நிக்கும், அசையாது. ப்ரேக் அடிச்சி இறங்கிப் பாத்தா ஒண்டுமில்ல. ஒருக்கா குழந்தையும் கையுமா ஒரு பொம்புள. அண்டைக்கு லொறிய வயலுக்குள்ள விடப் பாத்தேன்."

"அல்லாஹ்!" என்றார் உம்மா. "இவ்வளவு நாளும் இந்தக் கதைய வாய் திறந்து சொல்லல்லயே நீ?"

"சொன்னா லொறிய வித்துப்போட்டுக் கோழிக் கடை போடச் சொல்லுவீங்க மாமி."

"இப்பவும் சொல்றேன், வித்துப் போடு!"

அந்த வீட்டில் யாரோ ஒருவரைத் திட்டியதும் காற்று கொஞ்சம் இலகுவானது. நான் விடவில்லை. "ஆளக் கண்ட பிறகு என்ன செய்வீங்க தம்பி?"

"என்ன செய்யிற? ஓரம் போட்டு, ஸ்டியரிங்ல தலைய வெச்சிக் கண்ண மூடுவேன்."

"எழும்பினா?"

"றோட்டு மட்டும்தான் இருக்கும்."

சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டான். பாயில் இருந்த மனைவியைப் பார்த்தான், அவளுடைய இமைக்காத கண்களை. எந்த றோட்டில், எத்தனையாவது நாளாக அவள் ஓரம் போடாமல் ஓடிக்கொண்டிருக்கிறாள் என்பது அவனுக்குப் புரிந்தது. எனக்குப் புரிந்ததை விட நன்றாகவே புரிந்தது.

செருப்பைக் கழற்றினான். "மாமி, ஓதுறவர் பிறகு வரட்டும். இவ முதல்ல தூங்கட்டும்."

"தூங்கினாப் போயிருவாடா!"

அந்தச் சத்தத்தில் குழந்தை திடுக்கிட்டுக் கைகளை விரித்தது. உம்மா வாயைப் பொத்திக்கொண்டார். பொத்திய கைக்குள்ளிருந்துதான் மிச்சம் வந்தது, என்னைப் பார்த்து அல்ல, கோப்பையைப் பார்த்து.

"என்ட தங்கச்சி, மிஸ். சண்டைக்குள்ள மன்னாரை விட்டு எங்கள விரட்டி, வந்து முகாம்ல கிடந்த நேரம். புள்ள பெத்து மூணோ நாலோ நாள். நான்தான் பக்கத்துல. நல்லா ஒறங்குறா, பாவம், அவ்வளவு தூரம் நடந்த புள்ள, ஒறங்கட்டும் எண்டு எழுப்பாம விட்டேன். ஈ வந்து முகத்துல இருந்தது. ஓட்டினேன். மறுபடியும் இருந்தது. அப்பவும் எழுப்பல்ல." நிழல் வந்து அவர் முகத்தைக் கடந்து போனது. "அவ ஒறங்கல்ல, மிஸ்."

அந்த அறையில் உண்மையிலேயே ஒரு பேய் இருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் அது உம்மாவின் பக்கத்திலேயே அமர்ந்திருந்து, இப்போது மகளைக் காவல் காத்துக்கொண்டிருந்தது.

இப்படிப்பட்ட நேரத்தில் அவசரப்பட்டு ஆறுதல் சொல்லாதீர்கள். 'அது வேற, இது வேற' என்று நான் சொல்லியிருந்தால் அவர் தலையாட்டியிருப்பார், நான் போனதும் தண்ணீர் தெளித்திருப்பார். "உங்கட தங்கச்சிக்கு என்ன நடந்ததெண்டு எனக்குத் தெரியாது," என்றேன். "ஒரு டொக்டரும், ஒரு மிட்வைஃபும் அங்க வந்து பார்க்கல்ல. ரிஸ்னாவ நான் பார்க்கிறேன். உங்கட கண்ணுக்கு முன்னால."

பார்த்தேன். காய்ச்சல் இல்லை, இரத்தப் போக்கு அளவோடு இருந்தது, நாடி ஓடுகிற குதிரையைப் போல ஓடினாலும் சீராக ஓடியது. ஒவ்வொன்றையும் வாய்விட்டு உம்மாவுக்குச் சொன்னேன். பிறகு அவர் கையிலிருந்த கோப்பையை வாங்கி வைத்துவிட்டு, புறங்கையை எடுத்து ரிஸ்னாவின் மூக்கின் கீழே பிடித்தேன்.

"என்ன தெரியுது?"

"சூடு. வருது, போகுது."

"எழுப்பாமப் பார்க்கிறது இப்படித்தான். பயம் வந்தாக் கையை வைங்க. வருது, போகுதெண்டா விடுங்க. இமை ஆடட்டும். அது அவ மனசு பயத்தத் துணி மாதிரி மடிச்சு வைக்கிற நேரம். ஓதுறதெண்டா நீங்களே ஓதுங்க, மெதுவா, தாலாட்டுற மாதிரி."

ஜன்னலில் ஒரு தடித்த சீலையை நஸார் கட்டினான். நிழல் அதன் பிறகு உள்ளே வரவில்லை. குழந்தைக்கு மட்டும் முதலில் பால் கொடுக்க வைத்தோம், நான் குழந்தையைப் பிடித்துக்கொண்டேன், ரிஸ்னா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு அவளைச் சாய்த்தோம். உம்மா பக்கத்தில் சரிந்து, புறங்கையை மகளின் மூக்கருகே வைத்து, ஓதத் தொடங்கினார். முதலில் கெட்டியான குரலில், காவல்காரரைப் போல. பிறகு தணிந்து. ரிஸ்னாவின் கண்கள் மூடின, திறந்தன, மூடின. இமை ஆடத் தொடங்கியது. உம்மாவின் மற்றக் கை தானாகக் கோப்பையைத் தேடியது. நான் தடுக்கவில்லை. தேடிய கை காற்றில் கொஞ்சம் நின்றுவிட்டு, திரும்பி வந்து அவர் நெஞ்சின் மேல் படுத்துக்கொண்டது. ஓதல் ஒரு வரியில் தடுக்கியது, அதே வரிக்குத் திரும்பியது, மறுபடி தடுக்கியது. பிறகு அவருக்கும் நித்திரை.

நஸார் வெளியே போய் ஒழுங்கை முனையில் காவல் நின்றான். தூங்குகிற மூவரோடு நான் மட்டும் விழித்திருந்தேன்.

அப்போதுதான் எனக்கும் அந்த அழுகை கேட்டது.

மெல்லியது, தண்ணீர்ப் பக்கமிருந்து, பசித்த குழந்தையின் அழுகை. மடியில் கிடந்ததைப் பார்த்தேன், அது தூங்கியது. ரிஸ்னாவைப் பார்த்தேன், தூங்கினாள், சட்டையில் புது ஈரம் எதுவும் இல்லை. மயிலாக இருக்கலாம், எங்கள் பக்கம் மயில்கள் அப்படித்தான் கத்தும். ஆனால் அந்த மணல் திடலில் அதற்கு முன்னும் பின்னும் நான் ஒரு மயிலைக் கண்டதில்லை. பின்கதவு இரண்டடி தூரத்தில் இருந்தது. திறந்து பார்க்க வேண்டும் போலிருந்தது. எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை இன்றும் நான் யாருக்கும் சொன்னதில்லை.

திறக்கவில்லை. அந்த வாரம் என் வீட்டிலும் நோயாளி, நானும் சரியாகத் தூங்கவில்லை என்பது அந்த நேரத்தில் நினைவு வந்தது. நித்திரை இல்லாத வீட்டில் பயம் சளித் தடிமன் போல ஒருவரிலிருந்து மற்றவருக்குத் தொற்றும். அடுத்தது நீங்கள்தான். ஆகவே உங்கள் நித்திரையையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதைச் சுகபோகம் என்று நினைக்காதீர்கள். தூங்காத கண்ணோடு இன்னொருவரின் பயத்தை அளக்கப் போனால், எது அவளுடையது, எது உங்களுடையது என்று பிரித்தெடுக்க முடியாது. முன்பு எலுவன்குளம் பக்கம் வேலை செய்தபோது, இரவெல்லாம் வயலில் யானைக்குக் காவல் இருந்துவிட்டு வரும் ஆண்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல மனிதர்கள், பிள்ளை ஒரு கோப்பையைத் தட்டிவிட்டால் கை ஓங்குவார்கள், பிறகு தனியாக அமர்ந்து அழுவார்கள். அறுவடை முடிந்து தூங்கத் தொடங்கியதும் பழைய மனிதர் திரும்பி வருவார். கோபம், நடுக்கம், காரணமில்லாத அழுகை என்று யார் வந்தாலும், முதலில் படுக்கையைப் பற்றிக் கேளுங்கள்.

அம்புலன்ஸ் ஒழுங்கைக்குள் திரும்பியபோது நஸார் வெறுங்காலோடு மணலில் ஓடி, இரண்டு கைகளையும் விரித்து அதை மறித்தானாம். ஹோர்ன் அடிக்கப் போன சாரதி பயந்தே போனாராம். டொக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பார்த்தார். எழுப்பவில்லை. குந்தி அமர்ந்து, தூங்குகிறவளின் நாடியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

நேரம் போய் ரிஸ்னா தானாகவே விழித்தாள். அந்தக் கண்கள் இப்போது ஒரு இடத்தில் வந்து நின்றன. டொக்டரில், பிறகு என்னில். குழந்தையைப் பார்த்ததும் பயந்தாள், பார்வையைத் திருப்பிக்கொண்டாள். குணமாகிவிட்டாள் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு பிற்பகல் நித்திரையில் போகிற நோயில்லை அது. "ஆஸ்பத்திரிக்குப் போவோமா, மகள்? புள்ளையும் கூடத்தான்," என்று டொக்டர் கேட்டபோது மட்டும், கொஞ்சம் யோசித்துத் தலையாட்டினாள். யோசிக்க முடிந்ததே பெரிய விஷயம்.

நஸார் பையைத் தூக்கிக்கொண்டு, "மாமி!" என்று கூப்பிட வாயெடுத்தான்.

"மெல்லக் கதைங்க மச்சான்," என்றாள் ரிஸ்னா. "உம்மாவ எழுப்பாதீங்க."

டொக்டர் என்னைப் பார்த்தார். எழுப்பாமல் போனால், உம்மா விழிக்கும்போது பக்கத்தில் வெறும் பாய் கிடக்கும். அவருக்கு, உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத அளவுக்கு, அந்த வெறும் பாய்க்கு ஒரே ஓர் அர்த்தம்தான் இருந்தது. எழுப்பினால், அத்தனை நாள் கழித்து வந்த நித்திரை போய்விடும், அழுகையும் கூச்சலுமாக மகளும் கலங்கிப்போவாள். அந்த இடத்தில் ஒருவர் முடிவெடுக்க வேண்டியிருந்தது.

"நீங்க போங்க," என்றேன். "நான் இருக்கிறேன்."

அவள் ஆஸ்பத்திரியில் பல நாள் இருந்தாள். மருந்து மாதக்கணக்கில் தொடர்ந்தது. பயம் ஒரேயடியாகப் போகவில்லை, களப்புத் தண்ணீர் வற்றுவது போல, கொஞ்சம் கொஞ்சமாக, சில நாள் மறுபடி ஏறி, பிறகு இறங்கியது. டொக்டர் மருந்தோடு சேர்த்து நித்திரைக்கும் முறை போட்டுக் கொடுத்தார். பால் கொடுத்து முடிந்ததும் பிள்ளை யாரிடம், அவள் எப்போது படுப்பாள், அந்த நேரம் யார் வாசலில் இருப்பார்கள் என்று. பகலில் படுத்தால் குளிர் பிடிக்கும் என்று சொல்ல வந்த அயலவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பியது யார் தெரியுமா? உம்மாதான். பிள்ளையைத் தன் பிள்ளை என்று ரிஸ்னா கையில் வாங்கிய நாளில் நான் அங்கே இல்லை. நஸார் தம்புள்ளையிலிருந்து போன் பண்ணிச் சொன்னான், லொறியை ஓரம் போட்டுவிட்டு.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது அதையல்ல. அவர்கள் போன பிறகு அந்த அறையில் இருந்ததைத்தான். உதவிக்கு வருகிறவர்கள் எப்போதும் நோயாளியோடு வண்டியில் ஏறிப் போய்விடுகிறார்கள். பின்னால் ஒருவர் மிஞ்சுகிறார். யாராவது அவரோடு அமர வேண்டும்.

சீலை கட்டிய அறை மங்கிக்கொண்டு வந்தது. உம்மாவின் புறங்கை, மகள் தலை வைத்திருந்த இடத்துக்கு நேரே, வெறும் காற்றில் மூச்சைப் பார்த்தபடி கிடந்தது. அவர் இமைகளும் ஆடின. உள்ளே எந்த முகாம், எந்தப் பாதை, யார் என்று எனக்குத் தெரியாது. எழுப்பவில்லை. என் சொற்களை மட்டும் எடுத்து வரிசையாக அடுக்கிக்கொண்டே இருந்தேன், அவர் கேட்கப் போகும் முதல் வினாடிக்காக.

முதலில் கைதான் விழித்தது. காற்றைத் தேடியது. பாயைத் தடவியது, தலையணையைத் தடவியது. பிறகு கண்கள். அந்த முகத்தை நான் வர்ணிக்க மாட்டேன்.

"மூச்சு இருக்கு," என்றேன், அவர் வாய் திறக்குமுன். "எழும்பி, தானா நடந்து போனா. டொக்டர் கூட. புள்ளையும் நஸாரும் கூட."

அவர் என்னை நம்பவில்லை. எப்படி நம்புவார்?

"என்னை ஏன் எழுப்பல்ல?"

"எழுப்பாதீங்கண்டு அவதான் சொன்னா."

"அவளா?" பாயின் அந்த வெறுமையிலிருந்து கையை எடுக்காமல், மிக மெதுவாகக் கேட்டார். "எந்தக் குரல்ல சொன்னா, மிஸ்?"

"உங்கட மகள்ட குரல்ல. மாப்பிள்ளைய அதட்டி. மெல்லக் கதைங்க எண்டு."

"அதட்டினாளா?"

"நல்லா அதட்டினா."

உம்மா எழுந்து அமர்ந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப அவதான்," என்றார்.